கட்டில் முதலா, பீரோ முதலா?

நகரத்து மரச்சாமான் கடைகளில் சாமான்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையைச் சற்றே நின்று கவனித்தால், அதில் ஒரு சாமர்த்தியம் ஒளிந்திருப்பது புலப்படும். வாசலுக்கு நேரே, பிரகாசமான விளக்கொளியில் சோபாக்கள். அவற்றை அடுத்துக் கண்ணாடி பதித்த சாப்பாட்டு மேஜைகள். மாடியில், தலைமாட்டில் மெத்தை தைத்த அகலக் கட்டில்கள். எல்லாவற்றுக்கும் பின்னால், கிடங்குக்குப் போகிற வழியில், சுவரோடு சுவராக நிற்கும் இரும்பு பீரோக்களும் பிள்ளைகள் படிக்கும் மேஜைகளும். ஆடித் தள்ளுபடியை நம்பி 50,000 ரூபாயைச் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும் ஒரு சாமானியக் குடும்பம், கடைக்காரர் வைத்த இந்த வரிசைப்படியே வாங்கத் தொடங்குமானால், சோபாவிலேயே பாதிப் பணம் கரைந்து, கட்டிலுக்கு மாதத் தவணை எழுதிக் கொடுத்து, பீரோவை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போட்டு, துணிமணிகளை அட்டைப்பெட்டிகளில் திணித்துக்கொண்டு புது வீட்டில் குடித்தனம் நடத்த நேரிடும். கண்ணுக்கு இனியதை முன்னால் நிறுத்துவது வியாபாரத்தின் சுபாவம். அதற்காகக் கடைக்காரரைக் கடிந்துகொள்வதில் பிரயோசனமில்லை. ஆனால் வாங்குகிறவருடைய வரிசை பின்னாலிருந்து முன்னால் வருவதாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நம் வீடுகளில் சாமான்கள் இவ்வளவு மலிந்திருந்த காலம் முன்பு எப்போதும் இருந்ததில்லை. ஓர் ஊஞ்சல் பலகை, பெரியவர் சாய்ந்திருக்க ஒரு சாய்வு நாற்காலி, திண்ணையில் ஒரு பெஞ்சு, பரணில் எட்டிப் பொருளெடுக்க ஒரு முக்காலி, விருந்தினர் வந்தால் விரிக்க நாலைந்து கோரைப்பாய் என்ற அளவிலேயே நல்ல வசதியுள்ள குடும்பங்கள்கூட மூன்று தலைமுறை வாழ்ந்து தீர்த்திருக்கின்றன. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கைத் தூணாகவும் கதவாகவும் நிறுத்திய செட்டிநாட்டு மாளிகைகளிலும், விசேஷ நாளில் பந்தி நடந்தது தரையில்தான். ஆகவே புதிதாகக் குடியேறிய வீட்டின் கூடம் ஆறு மாதம் வெறுமையாக இருந்தால் அது அந்தஸ்துக் குறைவென்று மருகுவதற்கு நியாயமில்லை. வெறுமையாக இருக்கும் கூடத்தில் குழந்தைகள் ஓடியாடுவதும், பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து பூத்தொடுப்பதும் ஒரு சௌகரியமே.

பெண்ணுக்குச் சீராகக் கட்டில், மெத்தை, பீரோ மூன்றையும் கலியாணத்தோடு வாங்கி அனுப்பும் சம்பிரதாயம் நம்மிடையே இருக்கிறது. தம்பதிகள் எந்த ஊரில், எத்தகைய வீட்டில் குடியேறப் போகிறார்கள் என்பது தெரிவதற்கு முன்பே, கடன்பட்டாவது பெரிய கட்டிலாக வாங்கிவிடும் தகப்பனார்கள் பலர். பத்தடிக்குப் பத்தடி அறையில் 6¼ அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள கட்டிலைப் போட்டால் மூன்றில் ஒரு பங்குத் தரை அதற்கே போய்விடுகிறது. மூன்று கதவு பீரோவும் அங்கேயே நின்றாக வேண்டுமென்றால், பீரோக் கதவைத் திறப்பதற்குக் கட்டிலின்மேல் ஏறி நிற்க வேண்டிய விசித்திரமும் நேர்கிறது. வீட்டைப் பார்த்த பிறகு வாங்குவதென்ற ஒரே ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டால் இந்தச் சங்கடம் வராது.

இரண்டில் எது முதல் என்று கேட்டால், முழங்கால் வலியோடு தரையிலிருந்து எழச் சிரமப்படும் முதியவர்கள் இல்லாத வீட்டுக்கு பீரோவே முதல் என்பேன். மனிதர்கள் தரையில் மெத்தையை விரித்துச் சில மாதம் படுத்துக்கொள்ளலாம். அன்றாடம் காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்திவைத்தால் அதன் அடியில் ஈரம் கட்டிப் பூஞ்சணம் பூக்காது. ஆனால் வீட்டுப் பத்திரம், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள், இரண்டு பட்டுப்புடவை ஆகியவற்றைக் கரையானிடமிருந்தும் எலியிடமிருந்தும் ஐப்பசி மழையின் ஈரத்திலிருந்தும் காப்பதற்கு இரும்பு பீரோவைப்போல இன்னொரு சாதனம் வரவில்லை. 1897-ல் பூட்டுத் தொழிலில் தொடங்கிய பம்பாயின் கோத்ரெஜ் நிறுவனம் 1923-ல் இரும்பு அலமாரி செய்ய ஆரம்பித்தது; இன்று எந்தச் சிற்றூரிலும் அதே அமைப்பில் பீரோ செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. பட்டறை பீரோவில் கவனிக்க வேண்டியது தகட்டின் கேஜ்: எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதை அறியாமல், 22 கேஜ் என்றால் 20-ஐவிட உயர்ந்தது என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் உண்டு. 20 கேஜ் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர், 22 கேஜ் 0.7. கதவின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கி "டப்" என்று மீளும் தகட்டில் எத்தனை அழகான பூ வரைந்திருந்தாலும் அதை விட்டுவிடுவது நலம். பழைய பீரோவானால், வீடு துடைக்கும் தண்ணீர் பட்டுப் பட்டு அடித்தகடும் கால்களும் துருவேறியிருக்கின்றனவா என்று கீழே குனிந்து பார்க்க வேண்டும். கைப்பிடியைத் திருப்பினால் மேலும் கீழுமாகத் தாழ்கள் இரண்டும் ஒருங்கே ஓடுகின்றனவா என்று கேட்கவும் பார்க்கவும் வேண்டும். வண்ணம் உரிந்திருப்பது பெரிய குற்றமல்ல. சாயம் பீய்ச்சும் கடையில் கொடுத்தால் இரண்டொரு நாளில் புதிதாகிவிடும்.

கைம்மாறிய சாமான்களை வாங்குவதற்கு நம்மவர்களிடையே ஒரு கூச்சம் இருந்து வருகிறது. "யார் வீட்டுக் கட்டிலோ, என்ன துக்கம் நடந்ததோ" என்ற அச்சம் ஒரு பக்கம். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்ற நாணம் மறுபக்கம். ஆனால் குறைந்த பணத்துக்குத் திடமான மரம் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான் என்பதை மறுக்க முடியாது. மாற்றலாகிப் போகும் உத்தியோகஸ்தர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் நிலைத்துவிட்டபடியால் வீட்டைச் சுருக்கிக்கொள்ளும் முதியோர், அடுக்குமாடிக்காகப் பழைய வீட்டை இடிக்கக் கொடுத்தவர்கள் ஆகியோரிடமிருந்து நல்ல கட்டில்களும் மேஜைகளும் ஓயாமல் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த சாமான்களை விற்கும் கடைகள் பிரசித்தமானவை. ஆனால் அங்கே சித்திர வேலைப்பாடுள்ள கதவுக்கும் பெட்டிக்கும் சொல்லப்படும் விலை, அலங்காரத்துக்கு வாங்கும் சீமான்களை உத்தேசித்தது. சிறு முதலில் வாங்குகிறவர் எங்கே போனாலும் வேலைப்பாடில்லாத, வெறும் சட்டமும் பலகையுமான சாமானைத் தேடுவதே உசிதம். மயிலும் யாளியும் செதுக்கிய கட்டிலில் அந்தச் செதுக்கலுக்குக் கொடுக்கும் விலை தூக்கத்துக்கு உதவாது.

புறநகர்ப் பழஞ்சாமான் கடை ஒன்றில், மகளுக்குக் கட்டில் பார்க்க வந்த ஒருவருக்குத் துணையாக வந்திருந்த வயதான ஆசாரி ஒருவர் பொருளைப் பரிசோதித்த விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். கடைக்காரர் காட்டிய கட்டில் கறுப்புக் காபி நிறத்தில் முகம் பார்க்கும்படியாக மின்னியது. ஆசாரி அந்தப் பளபளப்பின்மேல் கண்ணையே ஓட்டவில்லை. "மேலே பாக்காதீங்கய்யா, கவுத்துப் போட்டுப் பாருங்க. அடியில யாரும் பாலிஷ் அடிக்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே கட்டிலைத் தம்மோடு வந்தவரின் உதவியால் புரட்டினார். பிறகு தோளில் கிடந்த கருநீலத் துண்டை எடுத்துக் காலடியில் விரித்து, உளிப்பிடியால் அந்தக் காலை இரண்டு தட்டுத் தட்டினார். துண்டின்மேல் மஞ்சள் கலந்த வெள்ளை மாவு மெல்லிய கோடாக உதிர்ந்தது. "மருந்து வெச்சுப் பாலிஷ் போட்டுத் தரேன் ஆசாரியாரே, விலையில ஐந்நூறு குறைச்சுக்கலாம்" என்றார் கடைக்காரர். "மாவு இன்னும் கொட்டுதே, பாருங்க முதலாளி, புழு உள்ளேதானே இருக்கு" என்றார் ஆசாரி. பேரம் அத்துடன் முடிந்தது.

அந்த மாவில் இருக்கிறது சூட்சுமம். பழைய மரத்தில் குண்டூசி முனை அளவான துளைகள் இருப்பதனாலேயே அது உதவாதென்று தள்ள வேண்டியதில்லை. என்றைக்கோ வண்டு வெளியேறிப் போன துளையின் வாய் கறுத்து, அழுக்கேறி இருக்கும். புதுத் துளையின் வாயோ வெளிறியிருக்கும்; தட்டினால் மாவு உதிரும். அத்தகைய கட்டிலை வீட்டுக்குள் கொண்டுவந்தால், அதன் புழு பக்கத்திலுள்ள கதவுச் சட்டத்தையும் விசாரிக்கப் போய்விடும். இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது பொருத்து. ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி மற்றொரு கட்டையில் வெட்டிய துளைக்குள் இறக்கி, குறுக்கே மரமுளை அடித்துப் பொருத்திய சட்டம் ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் ஆட்டம் காணாது. தளர்ந்திருந்தாலும் பிரித்து, பசை வைத்து மறுபடி இறுக்க முடியும். கட்டையோடு கட்டையை ஒட்டவைத்து ஆணி அடித்த சட்டம், எந்த உயர்ந்த மரமானாலும், ஆணி துருப்பிடித்த அன்றைக்குக் கழன்றுவிடும். மூன்றாவது, பொருத்துகளின் இடுக்கில் கரும்புள்ளிகள். அவை மூட்டைப்பூச்சியின் அடையாளம். அது இருந்த கட்டிலை இலவசமாகக் கொடுத்தாலும் கைகூப்பி விடைபெற்றுக்கொள்வதே புத்தி. நான்காவதாக, மக்கு வைத்து நிரப்பிய இடங்கள் எங்கேயென்று நகத்தால் கீறிப் பார்ப்பது. மிகவும் கறுத்த பாலிஷ் எதையோ மறைப்பதற்காகவே பெரும்பாலும் போடப்படுகிறது.

அந்த ஆசாரி கடைசியில் தேர்ந்துகொடுத்தது, மூலையில் சாத்திவைத்திருந்த, பாலிஷே காணாத ஒரு வேங்கைக் கட்டில். கால்களும் சட்டமும் வைரம் பாய்ந்தவை. பலகைகள் மட்டும் யாரோ பிற்பாடு போட்ட மாம்பலகைகள், உளுத்துப்போனவை. பலகைகளைக் களைந்துவிட்டு ஒட்டுப்பலகை போட்டுக்கொள்ளலாமென்று சொல்லி, அந்தச் செலவையும் உப்புத்தாள் தேய்த்து அரக்குப் பாலிஷ் ஏற்றும் கூலியையும் வண்டிச் சத்தத்தையும் விரல்விட்டுக் கணக்குப் பார்த்து, அவற்றையெல்லாம் கழித்த பிறகே விலையைக் கேட்டார். பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள் பலர் தவறுகிற இடம் இதுவே. சாமானின் விலையோடு பேரத்தை முடித்துக்கொண்டு, பிறகு கூலிகளில் புதுக் கட்டிலின் விலையைத் தொட்டுவிடுகிறார்கள்.

தேக்கு என்ற பெயருக்கு நம் நாட்டில் இருக்கும் மோகம் தனியானது. அதற்குக் காரணமும் இல்லாமலில்லை: இயல்பாகவே எண்ணெய்ப் பசை உள்ள மரமாதலால் கரையான் எளிதில் அண்டாது, வெயிலிலும் மழையிலும் முறுக்கிக்கொள்ளாது. கப்பல் கட்டுவதற்காக ஆனைமலைத் தேக்கு வெட்டி வெட்டித் தீர்க்கப்பட்டதும், மலபார் கலெக்டராக இருந்த கானலி 1840களில் சாத்து மேனோனைக் கொண்டு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டதும், பின்னர் இருபதாம் நூற்றாண்டில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி டாப்ஸ்லிப் பகுதியில் தேக்கை மறுபடி வளர்த்தெடுத்ததும் இந்த மரத்தின் பெருமைக்குச் சாட்சிகள். ஆனால் இந்தக் குணமெல்லாம் முதிர்ந்த தேக்கின் நடுக்கட்டைக்கே உரியது. இளமரத்தின் வெளுத்த மேற்கட்டையை அறுத்து, சாயம் ஏற்றி, தேக்கென்றே விற்றால் அது பொய்யுமல்ல. ஆனால் மற்ற மட்ட மரங்களைப்போல அதையும் வண்டு அரிக்கும். முதிர்ந்த வேம்பிலோ பூவரசிலோ வேங்கையிலோ நன்றாகப் பொருத்திய கட்டில், இளந்தேக்கில் ஆணியடித்த கட்டிலைவிட நெடுநாள் நிற்கும், விலையும் தாழ்வு.

ஆசாரியைக் கொண்டு புதிதாகச் செய்துகொள்ள விரும்புகிறவர் கன அடிக் கணக்கைத் தாமே போடத் தெரிந்திருப்பது நல்லது. பலகையின் கனத்தையும் அகலத்தையும் அங்குலத்திலும், நீளத்தை அடியிலும் எடுத்துப் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். 1 அங்குல கனமும் 6 அங்குல அகலமும் 6 அடி நீளமும் உள்ள நாலு பலகை சேர்ந்தது ஒரு கன அடி. மரவாடியில் இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லுகிறவரிடம் அளவு கூட்டிச் சொல்ல யாரும் துணியமாட்டார்கள். அறுவையிலும் இழைப்பிலும் சேதாரம் போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே ஆசாரியிடம் பேசிக்கொள்ள வேண்டும்; காயாத மரத்தில் அவசரப்பட்டுச் செய்தால் சித்திரை வெயிலில் பலகைக்குப் பலகை வாய் பிளந்து நிற்கும்.

இக்காலத்தில் புதுச் சாமான்களில் மலிவாக வருகிறவை இரண்டு விதம். ஒன்று ரப்பர் மரம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால் வடிப்பது ஓய்ந்து, 25 அல்லது 30 ஆண்டில் வெட்டப்படும் மரங்கள் ஒரு காலத்தில் அடுப்புக்கும் சாமான் பெட்டிக்குமே பயன்பட்டன. வெட்டியவுடன் போராக்ஸ், போரிக் அமில மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகு அவை நாற்காலியும் மேஜையுமாக மாறின. உள்கூடத்துக்கு இது போதுமான மரம். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஆகாது. மற்றொன்று, மரத்தூளையும் சிராயையும் பிசின் கலந்து அழுத்தித் தகடாக்கி, மேலே மர ரேகை அச்சிட்ட தாள் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு. இதில் செய்த கட்டிலும் அலமாரியும் பார்வைக்குத் தேக்கையே தோற்கடிக்கும். ஆனால் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகை வீட்டில் இருப்பவர் இதை வாங்குவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். வீடு மாறும்போது திருகைக் கழற்றி மறுபடி அதே துளையில் முடுக்கினால், தூள்தானே, அது பிடிக்காது. துடைக்கிற ஈரம் அடிமட்டத்தில் ஊறினால் உப்பிவிடும், உப்பியதை எந்த ஆசாரியாலும் சரிசெய்ய முடியாது. ஒட்டுப்பலகை அப்படியல்ல. மரத்தோலின் அடுக்குகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டியதாதலால் அது திருகைப் பற்றிக்கொள்ளும். ஐ.எஸ். 303 என்ற முத்திரையிலேயே ஈரம் தாங்கும் எம்.ஆர்., கொதிநீரும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். என இரண்டு தரம் உண்டு. படுக்கையறைக்கு முன்னது போதும், சமையலறைக்குப் பின்னது வேண்டும்.

மெத்தையை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது. போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சில் அடைத்த மெத்தை கட்டிபட்டால், உறையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் காயவைத்து, கொஞ்சம் புதுப்பஞ்சு சேர்த்துத் திரும்ப அடைத்துக்கொள்ளலாம் என்ற சௌகரியம் நுரை மெத்தையில் இல்லை. நுரை மெத்தையென்றால் அடர்த்தியைக் கேளுங்கள். கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் கீழ்ப்பட்டது சீக்கிரத்தில் நடுவில் குழிவிழும்.

பிளாஸ்டிக் நாற்காலியைப் பற்றிக் கலைஞர்கள் என்ன முகம் சுளித்தாலும், நாலு வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் அடுக்கிவைத்தால் விருந்தினர் விஷயம் தீர்ந்தது. மொட்டைமாடி வெயிலில் மட்டும் விட்டுவைக்கக் கூடாது.

சோபாவுக்கு வருகிறேன். மலிவான சோபாவைப்போல் நம்பிக்கைத் துரோகம் செய்யும் சாமான் இன்னொன்றில்லை; ஏனென்றால் கவிழ்த்துப் பார்த்தாலும் அதன் எலும்புக்கூடு துணிக்குள் மறைந்திருக்கிறது. வாங்கியே தீரவேண்டுமென்றால் முன்காலில் ஒன்றை அரையடி தூக்கிப் பாருங்கள்: மறு முன்காலும் கூடவே எழுந்தால் சட்டம் திடமானது, அது தரையிலேயே கிடந்து, சட்டம் மட்டும் முறுகினால் உள்ளே இருப்பது பெட்டிப் பலகைதான். என்னைக் கேட்டால், மூன்றடி அகலமுள்ள ஒரு சாதாரணக் கட்டிலைக் கூடத்துச் சுவரோரம் போட்டு, விரிப்பும் இரண்டு திண்டும் வைத்துத் திவானாக்கிவிடலாம். பகலில் நாலு பேர் உட்காரலாம். இரவில் ஊரிலிருந்து வந்த மைத்துனர் படுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் கேட்ட பிறகும், "வட்டியே இல்லாத தவணை" என்ற பலகை பலரைக் கடைக்குள் இழுத்துவிடுகிறது. வட்டியில்லாக் கடன் என்ற ஒன்றே கிடையாது, வட்டியைக் கட்டணமாக மறைக்கிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குக் கண்டிப்பாக எழுதியது. கணக்கைப் பாருங்கள். விலைச்சீட்டில் 30,000 ரூபாய் போட்ட ஒரு சாமானுக்கு மாதம் 3,000 வீதம் பத்துத் தவணை. அதையே ரொக்கமாகக் கொடுப்பவர் பேரம்பேசி 27,000-க்கு எடுத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தவணைக்காரர் உண்மையில் வாங்கிய கடன் 27,000. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் கொடுப்பது ஏறக்குறைய இரண்டு ரூபாய் வட்டி. ஊரில் நகையை வைத்துக் கடன் வாங்கும்போது இந்த வட்டியைக் கேட்டு மலைக்கிறவர்தான் இங்கே புன்னகையோடு கையெழுத்திடுகிறார். சாமான் வாங்கும் நாளிலேயே முதல் மாதத் தொகையையும் கோப்புக் கட்டணத்தையும் அதன்மேல் 18 விழுக்காடு வரியையும் பிடித்துக்கொண்டால் வட்டி இன்னும் ஏறும். அதே 3,000-ஐ மாதந்தோறும் தாமே ஒதுக்கிவைத்தவர் ஒன்பதாம் மாதம் ரொக்கத்தோடு கடைக்குப் போகலாம்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். ஆனால் பணம் விரயமாகும் விஷயம். பீரோ பெரும்பாலும் ஆறரை அடி உயரமும் மூன்றடி அகலமும் உள்ளது. அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய பிறகு, மாடிப்படி திரும்பும் இடத்தில் அது திரும்பாதென்று தெரிந்தால், கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்ற வேண்டிவரும். அதற்கு ஏற்றுக்கூலிக்காரர்கள் கேட்பதைக் கொடுப்பதைத் தவிர வழியிராது. படிக்கட்டுத் திருப்பத்தின் அகலம், வாசற்படியின் உயரம், லிப்ட் இருந்தால் அதன் உள்ளளவு ஆகியவற்றை அளந்து சீட்டில் குறித்து எடுத்துக்கொண்டு, வண்டிச் சத்தமும் மாடிக்கூலியும் விலையில் அடக்கமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.